ஓசி பென்டிரைவ்

அக்கா: இதுலயா? இதுலயாடா ஏத்தி வெச்சிருக்க?

தம்பி: ஏன்க்கா, நல்லாத்தான இருக்கு...

அக்கா: இது ஃப்ரிட்ஜ் வாங்குனப்போ கடைக்காரன் ஓசியில குடுத்தது!

தம்பி: ஓசின்னா என்ன, அதுவும் வேலை செய்யுதுல்ல.

அக்கா: வாயை மூடு. ஒரு மாசமா தொண்டை எரிய எரிய உக்காந்து பேசிப் பதிவு பண்ணிருக்கேன். நீ என்னடான்னா வண்டிச் சாவியோட மாட்டிக்கிட்டுத் திரியற!

தம்பி: தொலைஞ்சிடக் கூடாதேன்னு...

அக்கா: தொலையலன்னாலும் செத்துடும்டா! இந்த மட்டமான சரக்கைச் சொருகாமலே வருஷக்கணக்கா டிராயர்ல போட்டு வெச்சா, உள்ள இருக்கறது தானா அழிஞ்சாலும் அழிஞ்சிடும். இன்னொரு காப்பி எங்க?

தம்பி: இருக்கே.

அக்கா: எங்க?

தம்பி: அதே பென்டிரைவ்லதான்... வேற ஃபோல்டர்ல.

அக்கா: அடப்பாவி!

தம்பி: மெதுவாக்கா... நீ தினம் அறிவிப்பு சொல்ற ரயில்வே ஸ்டேஷன் மைக்குன்னு நெனச்சியா? வேணும்னா சிடியில போட்டுடவா?

அக்கா: போடு! கீறல் விழுந்தா உன் மண்டையில ஒட்டிக்கோ. அதைப் போட்டுக் கேக்க வீட்ல மெஷின் இருக்கா மொதல்ல? ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கு, ரெண்டு வீட்ல வை, நெட்ல ஒண்ணு ஏத்து, வருஷா வருஷம் திறந்து பாருன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!

தம்பி: சொன்ன... சொன்ன...

அக்கா: நாளன்னிக்கு ஆபரேஷன்ல குரல்வளையையே எடுக்கப் போறாங்க. அப்புறம் நான் டைப் பண்றதை, இந்தப் பதிவை வெச்சுத்தான் ஒரு மெஷின் என் குரல்ல எனக்காகப் பேசணும். இதுவும் போச்சுன்னா... நான் வாயைத் திறந்து கேக்கக்கூட முடியாதேடா!

தம்பி: அது வந்துக்கா...

அக்கா: கல்லுப் பிள்ளையார் மாதிரி நிக்காத! எருமை! பொறுப்புன்னு ஏதாவது இருக்கா உனக்கு? என் சைக்கிளைக் குடுத்தேன், பெடல் இல்லாமக் கொண்டு வந்த. குடையைக் குடுத்தேன், கம்பியைக் கொண்டு வந்த. இப்போ குரலைக் குடுத்தா... டேய், ஏன்டா கண்ணு கலங்குது?

தம்பி: சித்தி வீட்ல ஒரு ஹார்ட் டிஸ்க், என் வீட்ல ஒண்ணு. நெட்லயும் ஏத்தியாச்சு. எல்லாத்தையும் போட்டுக் கேட்டும் பாத்துட்டேன்.

அக்கா: அப்போ எதுக்குடா இந்தக் கூத்து?

தம்பி: அதுல முழுக்க 'பயணிகள் கவனத்திற்கு'ன்னு சொல்ற அக்காதான் இருக்கா. என்னைத் திட்டற அக்கா ஒரு வரிகூட இல்ல... சட்டைப் பையில போன் பதிவு பண்ணிக்கிட்டிருக்கு. இன்னும் கொஞ்சம் திட்டுக்கா.