முழங்காலுக்குக் கீழே ரெண்டு விரல்

மச்சான்: அசையாத. காலை நீட்டு.

மாப்ள: நானே போட்டுக்குவேன் மச்சான். உடைஞ்சது காலுதான், கை இல்ல.

மச்சான்: என் தங்கச்சிகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். “ஃபுட்பால் ஆட இறங்குறதுக்கு முன்னாடி, முன்னங்கால் எலும்புல அடிபடாம காக்குற அந்த ஷின் கார்டை உன் கையாலயே மாட்டி விடுண்ணா, அந்த மறதி மன்னனை நம்பாத”ன்னு சொல்லி அனுப்பினா.

மாப்ள: எட்டு மாசமா இதே பாட்டு. சாப்பாட்டுல உப்பு கம்மின்னு சொன்னாக்கூட, “கார்டை மறந்துட்டுப் போய் காலை உடைச்சுக்கிட்டவருக்கு உப்பு ஒரு கேடா”ங்கிறா.

மச்சான்: ம்... இது பெருசு. முழங்கால்ல இடிக்குது பாரு.

மாப்ள: உயரத்துக்கு ஏத்த அளவுன்னு கடைக்காரர் சொன்னாராமே?

மச்சான்: உயரம் சரிதான். கெண்டைக்கால்ல சதை இருந்தாத்தானே அது நிக்கும்? அதான் மூணு ஜோடி எடுத்துட்டு வந்தேன்.

மாப்ள: எனக்கு இருக்கிறது ரெண்டு காலு மச்சான்.

மச்சான்: சேராததைத் திருப்பிக் குடுத்துக்கலாம். இந்தா, இதுல கணுக்காலுக்கும் சேர்த்து மெத்தை இருக்கு.

மாப்ள: வேணாம்பா. திரும்பவும் மாவுக்கட்டு போட்ட மாதிரியே இருக்கு.

மச்சான்: அப்ப இது. முழங்காலுக்குக் கீழ ரெண்டு விரல் விட்டு... இரு, இது வலது கால் கார்டு. ஆங். எலும்பு மேலயே உக்காருதா?

மாப்ள: உக்காருது.

மச்சான்: பட்டையை இன்னும் இறுக்கட்டா?

மாப்ள: ரத்தம் ஓட கொஞ்சம் இடம் விடு.

மச்சான்: தழும்புல உரசுதா? நிஜத்தைச் சொல்லு.

மாப்ள: உரசல. டாக்டரே ஓடுன்னுட்டாரு, நீ ஏன் இத்தனை கேள்வி கேக்குற?

மச்சான்: சாக்ஸை மேல இழுத்து விடு.

மாப்ள: என்ன இருந்தாலும் அந்தப் பழைய ஜோடிதான் நல்ல கெட்டி. என் பொண்ணு அதுல பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் வேற ஒட்டியிருந்தா. எங்க போச்சோ...

மச்சான்: மாப்ள... நீ மைதானத்துல கால் வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ என் மூஞ்சியிலயே முழிக்காம போனாலும் பரவாயில்ல... இல்ல, பரவாயில்லன்னு சொல்ல முடியல. ஆனா சொல்லிடுறேன்.

மாப்ள: சீக்கிரம் சொல்லு. வெளிய கூப்பிடுறாங்க.

மச்சான்: நீ எதையும் மறக்கல. அன்னைக்கு உன் பையை இந்த ரூம்ல, இந்த ஆணியில மாட்டிட்டு நீ எங்கயோ போயிட்ட. என் கார்டு வீட்டுல கிடந்துச்சு. நேரமாச்சு, இனி நீ வரமாட்டேன்னு நினைச்சு உன்னோடதை எடுத்து மாட்டிக்கிட்டேன்.

மாப்ள: ம், சொல்லு.

மச்சான்: கடைசி நேரத்துல நீ வந்து நின்ன. பையைத் துழாவிட்டு, “சரி, பாத்துக்கலாம்”னு கார்டு இல்லாமலே இறங்கிட்ட. நம்ம பசங்களே ரெண்டா பிரிஞ்சு ஆடுன ஆட்டம், நீ எனக்கு எதிர் அணி. எல்லார் முன்னாடியும் கழட்டிக் குடுக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. பத்தாவது நிமிஷம் நம்ம ரெண்டு பேரும் மோதினோம். எனக்கு ஒரு கீறல் இல்ல. உனக்கு எலும்பு...

மாப்ள: ஆஸ்பத்திரியில, “மறக்கலாமா மாப்ள”ன்னு என்னையே கேட்ட.

மச்சான்: கேட்டேன்.

மாப்ள: ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே கேட்ட.

மச்சான்: அந்தப் பாவம்தான் எட்டு மாசமா தூங்க விடல. அப்பாடா... சொல்லிட்டேன். சாயங்காலம் தங்கச்சிகிட்டயும் சொல்லிடுறேன்.

மாப்ள: அவகிட்ட வேணாம்.

மச்சான்: எனக்காகப் பாக்காத மாப்ள.

மாப்ள: உனக்காக எவன் பாத்தான்? எனக்காகச் சொல்றேன்.

மச்சான்: புரியல.

மாப்ள: அன்னைக்கு ஓடும்போது உன் சாக்ஸ் இறங்கிடுச்சு. பட்டாம்பூச்சி தெரிஞ்சுது.

மச்சான்: உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா இத்தனை நாள் திட்டு வாங்கிக்கிட்டு வாயை மூடிட்டிருந்த?

மாப்ள: வேற என்ன பண்றது? பந்து அப்பவே அந்தப் பக்கம் போயிடுச்சு மச்சான். பட்டாம்பூச்சியைப் பாத்த கோவத்துல நான் உன்னை உதைக்கத்தான் வந்தேன். உதை நேரா அந்தக் கார்டு மேலயே விழுந்து, என் காலுதான் உடைஞ்சுது. நல்ல கெட்டின்னு சொன்னேன்ல... வா, போலாம்.