வன்கூவரில் வைக்காத கையெழுத்து

லண்டனில் சட்டன் போகும் பஸ்ஸில், கோலியர்ஸ் வுட்டில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில், நடுவே ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“ஒரு மீனுக்காக, கனடாவுக்கு, வன்கூவர் மட்டும் போய் என்ர தம்பியோட கொழுவிப்போட்டு வந்திருக்கிறியள்.”

மனைவி சொன்னதைக் கேட்டு நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“மீனுக்கில்லையப்பா. ஒரு பெட்டிசத்தில கையெழுத்து வைக்கச் சொன்னவர். அங்கத்தைய ஆதிக்குடிச் சனம் ஆத்தில வலை போடக்கூடாதாம். அவற்ற தூண்டில் கிளப்புக்குச் சால்மன் மீன் குறையுதாம்.”

“அந்தச் சனம் மீனை என்ன செய்யுது?”

“புகையில காயவிட்டு மாரி முழுக்கச் சாப்பிடுதுகள்.”

“கிளப் ஆக்கள்?”

“படமெடுத்துப்போட்டுத் திருப்பி ஆத்தில விடுவினம்.”

கணவர்தான் தொடர்ந்தார்.

“ஊரில நேவி கடலுக்குப் போகேலாதெண்டு மறிச்ச நேரம், உம்மட ஐயா வலையோட கரையில குந்தியிருந்தவர். அந்த நினைப்பு வந்திட்டுது. நான் வைக்கேல்லை.”

“தம்பி?”

“வைச்சிட்டார்.”

மனைவி பையை மடிக்கு எடுத்துக்கொண்டு அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

“வீட்ட போனவுடன அவனுக்கு போன் எடுத்துத் தாங்கோ. கையெழுத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லுறன்.”

“இனி ஏலாதப்பா.”

“பிடிச்ச மீனையே திருப்பி விடுகினம். ஒரு கையெழுத்தை எடுக்க ஏலாதே?”