குறைத்து வைத்த சத்தம்

இரவு ஒன்றரை மணி. ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குள் போகும் கால்வாய்க்கரைச் சாலை... ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள், மறுபக்கம் கறுத்த தண்ணீர். நடுவே ஒரே ஒரு ஸ்கூட்டர். ஓட்டி வந்தவர் என் சிநேகிதியின் பெரியம்மா. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பேயாவது பிசாசாவது என்று கேலி செய்கிற ரகம். அதோ, சுவரோரம் உட்கார்ந்து சிரிக்கிறீர்களே, அவரும் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றுவரை.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவருடைய தங்கைக்குப் பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன்தான். ஆனால் தங்கை சரியான பயந்தாங்கொள்ளி, ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வாள். அக்காதான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மேஜையில் படுக்கவைத்ததும் மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் நின்று சொன்னார்: "பயப்படாதம்மா. நீ முழிக்கிற வரைக்கும் நான் பக்கத்துலயே இருப்பேன்."

அவள் டாக்டரைப் பார்க்கவே இல்லை. "நீயும் இருப்பல்லக்கா?"

"இங்கயேதான்டி இருப்பேன்."

அவள் கண் சொருகியது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் பக்கத்துத் தியேட்டருக்குப் போய்விட்டார். அங்கேயும் ஒருவரை மயக்கப்படுத்த வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேர். அங்கே அது வழக்கம்தான்.

விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்களே, அந்த மெஷின் பிப்... பிப்... என்று அடிக்கும். உடம்பில் ஆக்சிஜன் அளவு இறங்கினால் அந்தக் குரலும் இறங்கும். திரும்பிப் பார்க்காமலே காது கண்டுபிடித்துவிடும். ஆனால் சர்ஜனுக்கு அந்த ஓசை ஆகாது. பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். அவர் முகத்தைச் சுளித்தால் பெரியம்மா மெஷின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அதுவும் வழக்கம்தான். அன்றும் குறைத்தார்.

வாயில் செருகியிருந்த மூச்சுக் குழாய் எப்போது கழன்றதோ... பார்த்தபோது தங்கையின் உதடு நீலம்.

வெளியே காத்திருந்த தங்கையின் கணவரிடம், "இதயம் ரொம்ப பலவீனம்ப்பா, முன்னாடியே இருந்திருக்கு" என்று மயக்க மருந்து டாக்டர் பூசி மெழுகிவிட்டார். பெரியம்மா மனசுக்குள் திட்டினார்: நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே, பாவி! ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள் ராத்திரி, அவசரக் கேஸ். அதே டாக்டர், வேறொரு பெண்ணிடம் அதே குழைவோடு... "நீ முழிக்கிற வரைக்கும் நான் பக்கத்துலயே இருப்பேன்." அதற்குமேல் பெரியம்மாவால் தாங்க முடியவில்லை. டியூட்டி முடிந்த கையோடு ஸ்கூட்டரைக் கிளப்பினார். தங்கை வீட்டுக்காரரை எழுப்பி, டாக்டர் விட்டுப் போனதை இன்றைக்கே உடைத்துவிட வேண்டும். சத்தத்தைக் குறைத்தது யார் என்பதை மட்டும்... சொல்ல வேண்டாம். போனவள் திரும்பி வரவா போகிறாள்?

கால்வாய் வளையும் இடத்தில் ஸ்கூட்டரின் பின்பக்கம் அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்தாற்போல. ரப்பர் முகமூடியின் வாடை. கூடவே, மயக்க வாயுவின் அந்தத் தித்திப்பு வாடை. காதோரமாக... பிப்... பிப்... பிப்... ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கொஞ்சம் இறங்கி.

பெரியம்மா திரும்பவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே கத்தினார். "என்கிட்ட ஏன்டி வர்ற? போய் அந்த ஆளைக் கேளு! விட்டுட்டுப் போனது அவன்தானே!"

பிறகு, பிடரியில் சில்லென்று ஒரு மூச்சு.

"அவர் யாரோக்கா... நான் உன்னை நம்பித்தானே படுத்தேன்."

அதன்பின் பின்சீட்டில் பாரம் இல்லை. மீதித் தூரத்தை எப்படி ஓட்டினார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். அதற்குள் கதவு திறந்தது. தங்கையின் கணவர் நின்றார். தூங்கியவர் முகமாக இல்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"வாங்கக்கா. டாக்டர் பாதியில விட்டுட்டுப் போனதெல்லாம் அவ சொல்லிட்டா."

அவருக்குப் பின்னால், இருட்டு அறையில்... கட்டிலில் யாரோ புரண்டு படுத்தார்கள்.

"சத்தத்தைக் குறைச்சது யாருன்னு கேட்டா மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறா" என்றார் அவர், வழிவிட்டு ஒதுங்கியபடி. "அதை நீங்களே வந்து சொல்லுவீங்களாம்."