அனுப்புறவர் உங்களுக்கு என்ன வேணும்?

— சரி, திரும்பவும் முதல்லேர்ந்து வருவோம். மாசாமாசம் அஞ்சாம் தேதி வெளிநாட்டுலேர்ந்து உங்க கணக்குல பணம் ஏறுது. நாலு வருஷத்துக்கு மேல ஒரு மாசம்கூடத் தவறல. அனுப்புறவர் உங்களுக்கு என்ன வேணும்?

— அதான் சொன்னேனே சார். தம்பி மாதிரி.

— மாதிரின்னு ஒரு உறவு எங்க ஃபாரத்துல கிடையாதும்மா. கூடப் பொறந்தவரா?

— இல்ல.

— சித்தப்பா, பெரியப்பா பிள்ளை?

— அதுவும் இல்ல.

— வீட்டுக்காரர் வழியில?

— எனக்கு வீட்டுக்காரரே கிடையாது. வழி எங்கேர்ந்து சார் வரும்?

— இது வரி ஆபீஸ். கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

— கோவிச்சுக்காதீங்க. இந்த மாதிரி ஆபீஸ் படி ஏறுறதே எனக்கு முதல் தடவை. பயத்துல வாய் தானா பேசுது.

— பயப்படறதுக்கு என்ன இருக்கு? ஒளிக்கறவங்கதான் பயப்படணும். நல்லாக் கேட்டுக்கோங்க. வெளிநாட்டுலேர்ந்து சொந்தக்காரங்க அன்பளிப்பா அனுப்புனா எவ்வளவு வந்தாலும் வரி இல்ல. சொந்தம் இல்லாதவங்க, சிநேகிதக்காரங்க அனுப்புனா, வருஷத்துக்கு ஒரு வரம்பு வரைக்கும் விட்டுருவோம். வரம்பைத் தாண்டுனா மொத்தத்துக்கும் வரி. வேலை செஞ்சதுக்குப் பதிலா வந்துச்சுன்னா அது அன்பளிப்பே இல்ல, சம்பளம். அதை மறைச்சதுக்கு அபராதம் தனி. இதுல நீங்க எந்தப் பக்கம்?

— எந்தப் பக்கம் நின்னா அடி கம்மியா விழும்?

— நான் உங்க வக்கீல் இல்ல.

— நான் என்னத்தக் கண்டேன் சார். வயசானவங்க வீட்டுல தங்கி அவங்களைப் பாத்துக்கறவ நான். குளிப்பாட்டறது, சோறு ஊட்டறது, படுக்கை மாத்தறது. இந்தக் கணக்கு வழக்கெல்லாம் எனக்குத் தெரியாது.

— தெரியாதவங்க மாதிரி இல்லியே. பணம் ஏறுன மறுநாளே பாதிக்கு மேல ரொக்கமா எடுத்துடறீங்க. வேற யாரோட பணமாச்சும் உங்க கணக்கு வழியா போகுதா? ஒருத்தர் அனுப்புவாரு, நீங்க எடுத்து இன்னொருத்தர் கையில குடுப்பீங்க. உங்களுக்கு ஏதோ கொஞ்சம் நிக்கும். இப்படி எத்தனையோ பாத்தாச்சு.

— ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல சார். அது வீட்டு வாடகை. ஆறாம் தேதி காலைல பல்லு விளக்கறதுக்குள்ள ஓனர் கதவைத் தட்டிருவாரு.

— யார் இருக்கற வீட்டுக்கு வாடகை?

— பெரியம்மா இருக்கற வீட்டுக்கு.

— உங்க சொந்தப் பெரியம்மாவா?

— இல்ல, தம்பியோட அம்மா. வயசுக்கு மரியாதை குடுத்துக் கூப்பிடறதுதான்.

— ஆக, அந்த அம்மாவை நீங்க பாத்துக்கறீங்க. மகன் அங்கேர்ந்து பணம் அனுப்புறாரு. இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? இதுக்குப் பேரு சம்பளம். எழுதிக்கறேன்.

— கொஞ்சம் பேனாவைக் கீழ வைங்க சார். முழுசும் எனக்கில்லியே. வாடகை, மருந்து, டாக்டர், எல்லாம் அதுலதான் ஓடுது. எனக்குன்னு நிக்கறது கொஞ்சம்தான். நீங்க நம்ப மாட்டீங்கன்னுதான் பில்லையெல்லாம் கட்டிக் கொண்டாந்திருக்கேன்.

— இப்படி வைங்க. ம். மருந்துக் கடை பில்லு. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, படுக்கை விரிப்பு. நல்லா அடுக்கித்தான் வெச்சிருக்கீங்க.

— பெரியம்மா டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. தேதி மாறி அடுக்குனா அன்னைக்குப் பூரா திட்டு விழும்.

— கடைசி பில்லு இதுவா?

— ம்.

— இது ரெண்டு வருஷத்துக்கு முந்துன தேதி.

— அப்படியா? மிச்சம் வீட்டுல எங்கியாச்சும் கிடக்கும்.

— தேதி மாறாம அடுக்கற ஆளுக்கு ரெண்டு வருஷத்து பில்லு எங்கியாச்சும் கிடக்குதாக்கும்.

— நிஜமா சார். தேடி எடுத்தாறேன்.

— அதை அப்புறம் பாப்போம். அந்த அம்மாவுக்கு இப்ப போன் போடுங்க. நான் பேசணும்.

— அவங்களுக்குக் காது கேக்காது.

— நீங்க சத்தமா கேளுங்க, அவங்க சொல்ற பதிலை நான் கேட்டுக்கறேன்.

— பேசவும் முடியாது சார். தொண்டையில ஆபரேஷன் ஆனதுலேர்ந்து குரல் எழும்பாது. உதட்டைப் பாத்து நான்தான் புரிஞ்சுக்கணும்.

— காதும் கேக்காது, பேசவும் முடியாது. அப்புறம் மகன் எப்படிப் பேசுறாரு?

— நடுவுல நான் இருக்கேனே. ஞாயித்துக்கிழமை காலைல கூப்பிடுவாரு. அவர் சொல்றதை பெரியம்மா காதுகிட்ட போய்க் கத்துவேன். அவங்க சொல்றதை தம்பிகிட்டச் சொல்லுவேன். ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான்.

— முகம் பாத்துப் பேசறதில்லியா? எல்லார் கையிலயும் இப்ப அந்த போன்தான இருக்கு.

— பெரியம்மாவுக்குப் பிடிக்காது. நாரா கிடக்கற மூஞ்சியைப் பிள்ளை பாக்கக் கூடாதுன்னுட்டாங்க.

— போன ஞாயித்துக்கிழமை கூப்பிட்டாரா?

— கூப்பிட்டாரு.

— அம்மா என்ன சொன்னாங்க?

— முடி வெட்டிக்கச் சொன்னாங்க.

— உங்க வீட்டு விலாசம் இதுதான? நாளைக்குக் காலைல நானே வர்றேன்.

— வேண்டாம் சார்.

— ஏன்?

— வீடு போட்டது போட்டபடி கிடக்கு.

— நான் என்ன பொண்ணு பாக்கவா வர்றேன்? படுக்கையில இருக்கறவங்களை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன். அவ்வளவுதான்.

— வேண்டாம் சார், சொன்னாக் கேளுங்க.

— அம்மா, நிமிந்து என்னைப் பாத்துப் பேசுங்க. நாளைக்கு வந்தா அந்தக் கட்டில்ல யாரு இருப்பாங்க?

— யாரும் இருக்க மாட்டாங்க.

— எங்க அவங்க?

— போய்ச் சேந்துட்டாங்க. உங்க கையில இருக்கற பில்லு போட்ட அதே வாரம். மூச்சு வாங்குதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ரெண்டு நாள்தான் இருந்தாங்க. நானும் பக்கத்து வீட்டு டிரைவரும் கூட இருந்து எல்லாம் பண்ணோம்.

— அப்ப போன ஞாயித்துக்கிழமை முடி வெட்டிக்கச் சொன்னது?

— நான்தான்.

— ரெண்டு வருஷமா?

— ரெண்டு வருஷமும் மூணு மாசமும்.

— செத்துப்போனவங்க பேரைச் சொல்லி மாசாமாசம் பணம் வாங்கியிருக்கீங்க. எதிர்ல உக்காந்து நல்லா நடிக்கறீங்க, நானும் அரை மணி நேரமா கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— நடிப்பு இல்ல சார். முதல் வாரம் சொல்லத்தான் இருந்தேன். தம்பிக்கு அப்ப அந்த நாட்டுல தங்கறதுக்கான பேப்பர் ஏதோ பாதியில நின்னுச்சு. இப்ப வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்க, பத்து வருஷ உழைப்பு போயிரும்னு போன்லயே புலம்பினாரு. சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவாரு. வந்து பாக்கறதுக்கு இங்க என்ன மிச்சம் இருக்கு? பேப்பர் வரட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

— வந்துச்சா பேப்பர்?

— இன்னும் வரல.

— பணம் மட்டும் வந்துச்சு.

— வந்துச்சு. வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாரே. எனக்கும் தேவைதான் சார், அதுல பொய் சொல்ல மாட்டேன். கண்ணு ஆபரேஷன் அந்தக் காசுலதான் பண்ணிக்கிட்டேன். வாடகையும் குடுத்தேன். வேற வீட்டுல வேலைக்கும் கேட்டுப் பாத்தேன். ஞாயித்துக்கிழமை காலைல லீவு குடுக்க மாட்டேங்கறாங்க.

— ஞாயித்துக்கிழமை உங்களுக்கு எதுக்கு லீவு?

— போன் வருமே.

— இங்க பாருங்கம்மா. இது இப்ப வரியோட நிக்கற விஷயம் இல்ல. அவங்க இருந்த வரைக்கும் வந்தது சம்பளம். அதுக்குண்டான வரியையும் அபராதத்தையும் போட்டு ஃபைலை மூடிருவேன். அதுக்கப்புறம் வந்ததை நான் என்னன்னு எழுதுறது? அன்பளிப்புன்னா குடுக்கறவர் விவரம் தெரிஞ்சு, மனசாரக் குடுக்கணும். அம்மா உயிரோட இருக்காங்கன்னு நம்ப வெச்சு வாங்கினது அன்பளிப்பு ஆகாது. அதுக்குப் பேரு மோசடி. நான் மேல எழுதி அனுப்பியாகணும். போலீஸ் வரும்.

— வரட்டும் சார். ஜெயில்ல போட்டாலும் ஒரு மூலையில கிடப்பேன். தம்பிக்கு மட்டும் யாரோ எவரோ சொல்லித் தெரியக் கூடாது. அவருக்கு அங்க வேற யாரும் இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை நானே சொல்லிடறேன். அது வரைக்கும் எழுதாம இருங்க.

— ரெண்டு வருஷமா சொல்லாதவங்க இந்த ஞாயித்துக்கிழமை சொல்லப் போறீங்களா?

— சார், உள்ள வரலாமா? பணம் அனுப்புறவருக்கு வங்கி வழியா கேள்வி அனுப்பியிருந்தோம்ல, இவங்க கேஸுக்கு. பதில் வந்திருக்கு. பிரிண்ட் எடுத்தாந்துட்டேன்.

— சரியான நேரத்துல வந்தீங்க கிளார்க்கம்மா. குடுங்க. நீங்களும் அப்படி உக்காருங்க, ஒரு சாட்சி வேணும்.

— அது தம்பி எழுதுனதா? அவருக்கு எழுதிட்டீங்களா சார்? அம்மா செத்ததைக் கேட்டீங்களா?

— எனக்கே இப்பதான் தெரியும். ரெண்டே கேள்விதான் கேட்டேன். இவங்க உங்களுக்கு என்ன உறவு, எதுக்குப் பணம் அனுப்புறீங்க. எங்க அம்மாவைப் பாத்துக்கறதுக்குன்னு அவர் கையாலயே எழுதியிருந்தா உங்க கதை முடிஞ்சுது. வாய்விட்டே படிக்கறேன், கேட்டுக்கோங்க.

— படிக்காதீங்க சார்.

— 'ஐயா, வணக்கம். அவர் எனக்கு ரத்த உறவு இல்லை. அக்கா என்று கூப்பிடுவேன். வரம்புக்கு மேல் போயிருந்தால் அந்த வரியை எனக்கு எழுதுங்கள், நானே கட்டிவிடுகிறேன். அவரை அலைய விடாதீர்கள்.'

— பாத்தீங்களா சார் அந்தப் பிள்ளை மனசை?

— உண்மை தெரியற வரைக்கும் எல்லாருக்கும் நல்ல மனசுதான். இன்னும் இருக்கு. 'முதல் இரண்டு வருடம் நான் அனுப்பியது சம்பளம். அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்காக. அதன் பிறகு அனுப்புவது சம்பளம் இல்லை.'

— ஏன் சார் நிறுத்திட்டீங்க?

— அதன் பிறகுன்னு எழுதியிருக்காரு. எதன் பிறகு? கிளார்க்கம்மா, இந்த வரியை நீங்களும் பாருங்க, நான் சரியாத்தான படிக்கறேன்?

— சரியாத்தான் சார் படிக்கறீங்க. கீழ இன்னும் நாலு வரி இருக்கு.

— படிச்சிருங்க சார். என்னைத் திட்டித்தான எழுதியிருப்பாரு. ரெண்டு வருஷமா பெரியம்மா பேரைச் சொல்லி அவரை நான் திட்டியிருக்கேன், இன்னைக்கு நான் வாங்கிக்கறேன்.

— 'ஆஸ்பத்திரிப் பதிவில் என் நம்பர்தான் இருந்தது. அம்மா போன அன்று மத்தியானமே எனக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அழுவதற்காகத்தான் கூப்பிட்டேன். அக்கா எடுத்து, அம்மா இப்போதுதான் சாப்பிட்டுப் படுத்தார்கள், நீ இளைத்துவிட்டாயா என்று கேட்கச் சொன்னார்கள் என்றார். எனக்குத் தெரியும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள் ஐயா. சொன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனை எடுக்க மாட்டார்.'