வலது மார்பில் நான்கு பதக்கங்கள்

டெக்சாஸில் எங்கள் சுகர் லேண்டில் கார் ஓட்ட முடியாதவனுக்கு உப்பு புளி கூடக் கிடைக்காது. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. வக்கீல் ஜெயபிரகாஷ், "தமிழ்லயே எழுதிக் குடுங்க அங்கிள், நான் டிரான்ஸ்லேட் பண்ணிக்கறேன்" என்றதால் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு மேஜர் ஹார்வுட் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருபத்தாறு வருடம் சப்ளை அதிகாரி. அமெரிக்க மனைவிக்காக இங்கே வந்தவர். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தபின் தனியாள். சர்க்கரை வியாதி கண்ணைக் கெடுத்தது, லைசென்ஸும் போயிற்று. 1995லிருந்து மூன்று வருடம் அவருடைய மளிகை, டாக்டர், இன்சுலின் எல்லாவற்றுக்கும் நான்தான் வண்டி.

"அவருக்கு டிரைவ் பண்றதுக்கா நாம கிரீன் கார்டு வாங்கினோம்?" என்று என் மனைவி அனந்தலக்ஷ்மி கேட்பாள். நியாயமான கேள்வி.

போனால் கதையும் கேட்க வேண்டும். ஃபாக்லாந்தில் கரையிறக்கிய எண்ணெய்ப் பீப்பாய்கள், வளைகுடாப் போரில் அனுப்பிய தண்ணீர் லாரிகள். வராத லாரிதான் சிப்பாயைக் கொல்லும் என்பார். சொல்லிக்கொண்டே ஒரு சின்னப் பெட்டியைத் திறப்பார். உள்ளே நாலணா அகலத்தில் நான்கு பதக்கங்கள். ஒரிஜினல்கள் வங்கியில் இருந்தன. இவை விருந்துக் கோட்டில் குத்திக்கொள்ளும் குட்டிகள். சம்பாதித்தவர் இடது மார்பில் அணிவார். அவர் இறந்தபின் வேண்டியவர்கள் வலது மார்பில் அணியலாம். "எனக்குப் பிறகு உனக்குத்தான், சாமி" என்று ஒருநாள் சொன்னார்.

நானும் சப்ளைக்காரன்தான். எண்ணெய்க் கம்பெனி கோடவுனில் பதினெட்டு வருடம் குழாயும் வால்வும் அனுப்பியிருக்கிறேன். ஒரு லோடு பிந்தியதில்லை. கிடைத்தது கம்பெனி பெயர் போட்ட பேனா. அதிலும் மை சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

போன நவம்பரில் கம்பெனியின் வெள்ளிவிழா விருந்து. ஆண்கள் கறுப்புக் கோட்டில் வர வேண்டும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. ஒரு மாலைக்குப் பதக்கங்களை இரவல் கேட்டேன். மேஜர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. தான் உயிரோடு இருக்கும்வரை வேறு யாரும் அணியக் கூடாது, அதுதான் முறை என்றார். எனக்கு வருத்தம் இல்லை. முறை என்றால் முறை.

விருந்து வாரத்துத் திங்களன்று நான் இன்சுலின் வாங்கித் தர வேண்டியது. அசதியாக இருந்தது, போகவில்லை. "சாமி, வண்டி எப்போது வரும்?" என்று போனில் கேட்டார். வண்டி மக்கர் பண்ணுகிறது, நாளைக்கு என்றேன். செவ்வாயன்றும் அதையே சொன்னேன். புதன் மதியம் அவர் நாக்கு குழறியது. என்னை யாரோ கார்ப்பரலின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கிளம்பிவிட்டது சார் என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்று டிடெக்டிவ் கேட்டார். வரும் என்று சொன்ன சரக்கு வரும் என்று நம்பியே வாழ்ந்த மனிதர் அவர். மூன்று வருடமாக நானும் அவரை ஏமாற்றியதில்லை.

வியாழன் காலை இன்சுலினோடு போனேன். நாற்காலியில் இருந்தார், உடம்பு சில்லிட்டிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டேன், அவர் எனக்கென்று சொன்னதுதானே. சனிக்கிழமை விருந்தில் நிறையப் பேர் கைகுலுக்கினார்கள். வைஸ் பிரசிடெண்ட் முதல் தடவையாக என் பெயரைக் கேட்டார்.

பதக்கங்களுக்காகச் செய்ததாகப் போலீஸ் சொல்கிறது. அது உண்மையில்லை. அலுப்பு, வெறும் அலுப்பு.

தையற்கடை ரசீதைப் பற்றியும் எழுதச் சொன்னார் ஜெயபிரகாஷ். பதக்கம் குத்தும் பட்டியை எந்தப் பக்கம் தைக்கட்டும் என்று கடைக்காரம்மா கேட்டாள். வலது என்றேன். ரசீதில் இருப்பது அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையின் தேதி. அன்று மேஜர் வீட்டு ஃபிரிட்ஜில் இன்னும் மூன்று நாளைக்கு இன்சுலின் இருந்தது.