பதினாறாம் தேதிக் கூட்டத்துக்கு வந்தவர்கள்

பெயர் தூ யோங்-சுவான். வயது ஐம்பத்தாறு. தைவான், சியாயி நகரம், மேற்கு வட்டம், ரயில் நிலையத்துப் பின்புறத் தெருவில் 41-ஆம் எண் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக வசித்து வருகிறேன். பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவுக்குத் தலைவராக இருக்கிறேன். அந்தப் பிரிவில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. 2024 மே மாதம் 23-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே நகரக் காவல் நிலையத்துக்கு வந்து, விசாரணை அதிகாரி திருமதி ரூவான் அவர்கள் முன்னிலையில் சொல்வது பின்வருமாறு.

தைப்பேயில் தலைமையிடம் கொண்ட தகவல் பாதுகாப்பு வல்லுநர் சங்கத்துக்கு 2018 வரை சியாயியில் கிளை கிடையாது. நான் செய்யும் வேலையைப் பற்றிப் பேசினால் புரிந்துகொள்ளும் ஆள் தொழிற்சாலையிலும் இல்லை. மனைவி பிரிந்து தைச்சுங் சென்றுவிட்டதால் வீட்டில் பேசவே ஆள் இல்லை. எனவே ஒரு கிளை தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு இருபது பேர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. ஏழு மாதங்கள் மருத்துவமனை, வங்கி, கல்லூரி என்று ஏறி இறங்கிப் பத்தொன்பது கையெழுத்து வாங்கினேன். இருபதாவதாகக் கையெழுத்திட்டவர், நேற்று தாங்கள் கைது செய்த பான் வெய்-தே என்பவர். அப்போது அவர் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணினி வேலை பார்த்து வந்தார். "போடுறேன் தலைவரே, ஆனா கூட்டத்துல தூங்கிட்டா எழுப்பக் கூடாது" என்று கூறிக் கையெழுத்திட்டார். அந்த நிறுவனத்தின் நான்காம் மாடிக் கூட்ட அறையை மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் எங்களுக்கு வாடகையில்லாமல் வாங்கித் தந்தவரும் அவரே.

முதல் இரண்டு ஆண்டுகளில் கூட்டத்துக்குப் பதினைந்து பேருக்குக் குறையாமல் வந்தார்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து நடந்துபோய் வான்கோழிச் சோறு சாப்பிடுவோம். உறுப்பினர்கள் தங்கள் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் இத்தனை மணி நேரப் பயிற்சி என்று கணக்குக் காட்ட வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு வந்தால் இரண்டு மணி நேரம் சேரும். அதன் பிறகு அதே மணி நேரத்தை வீட்டிலிருந்தபடி இணையத்தில் பாடம் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. வருகை பத்துப் பேராகக் குறைந்தது, சில கூட்டங்களுக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். பான் வெய்-தே 2022-இல் மேலாளருடன் சண்டையிட்டு அந்த நிறுவனத்தை விட்டு விலகினார்; அறை மட்டும் எங்களுக்குத் தொடர்ந்து கிடைத்தது. அவருடைய தந்தைக்குப் பக்கவாதம் வந்த பிறகு கூட்டத்துக்கும் வருவதில்லை.

எட்டுப் பேர்கூட வராத கூட்டங்கள் தொடர்ந்து மூன்று நடந்தால் கிளை கலைக்கப்படும். ஜனவரியில் நான்கு பேரும், பிப்ரவரியில் மூன்று பேரும் வந்தார்கள். மார்ச் 16 சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இருபத்துமூன்று உறுப்பினர்களுக்கும் குழுச் செய்தி அனுப்பினேன். பதினோரு பேர் படித்ததாகக் காட்டியது. பதில் இல்லை. அன்று பிற்பகல் ஒன்றரை மணிக்குக் காவலாளியிடம் சாவி வாங்கி அறையைத் திறந்து, இருபது நாற்காலி போட்டு, தேநீருக்கு வெந்நீர் வைத்துக் காத்திருந்தேன். இரண்டரை மணி வரை யாரும் வரவில்லை. அதன் பிறகு வராதவர்களுக்கு அனுப்பி வைக்கலாம் என்று என் கைபேசியைக் கடைசி வரிசை நாற்காலியில் நிறுத்தி, காணொளியாகப் பதியவிட்டு, தயாரித்து வந்த உரையை முழுவதும் பேசினேன். பேசி முடித்து, வருகைப் பதிவேட்டில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் கீழே ஏழு உறுப்பினர்களின் பெயர்களை எழுதி, கிளை தொடங்கிய விண்ணப்பத்தின் நகலைப் பார்த்து, மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி அவர்களுடைய கையெழுத்துகளையும் நானே இட்டேன். அவற்றில் நான்காவது பான் வெய்-தேயின் கையெழுத்து. பதிவேட்டின் ஒரு நகலை வழக்கம்போல் காவலாளியிடம் கொடுத்து, இன்னொன்றைத் தலைமையிடத்துக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்பினேன்.

மே மாதம் 21-ஆம் தேதி இந்நிலையத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. அந்த அறையின் சுவரில் உள்ள இணைய இணைப்பில் யாரோ ஒரு சிறு பெட்டியைச் செருகி, மார்ச் 16 முதல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களைத் திருடியிருப்பதாகவும், மார்ச் 16 கூட்டத்துக்குப் பான் வெய்-தே வந்தாரா என்றும் கேட்கப்பட்டது. "பதிவேட்டில் இருந்தால் வந்திருப்பார்" என்று பதில் கூறினேன். அது பொய் என்று தெரிந்தே கூறினேன். மறுநாள் நண்பகலில் அவர் கைது செய்யப்பட்டார். மார்ச் 16 அன்று வீட்டில் தந்தையுடன் இருந்ததாக அவர் கூறியது, பதிவேட்டில் கையெழுத்து இருந்ததால், பொய்யாகக் கொள்ளப்பட்டது என்று அறிந்தேன்.

அவர் கைதான அன்று மாலை எங்கள் குழுவில் ஒரு உறுப்பினர், "பான் பண்ண வேலையில நம்ம எல்லார் பேரும் நாறிப்போச்சு" என்று எழுதினார். இன்னொருவர், "எனக்கு அப்பவே தெரியும், ஆளு முழி சரியில்ல" என்று எழுதினார். இவ்விருவர் பெயரும் நான் பொய்யாக எழுதிய ஏழில் அடக்கம். அன்று நான் போகவே இல்லையே, என் பெயர் எப்படி வந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. பான் வெய்-தே தவிர மற்ற அறுவரும் அந்த இரண்டு மணி நேரத்தைத் தங்கள் கணக்கில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அன்று எதுவும் எழுதவில்லை. இன்று காலை வேலைக்குக் கிளம்பிப் பேருந்து நிறுத்தம் வரை சென்று, அங்கிருந்து இங்கே வந்தேன்.

அதிகாரி ரூவான், "அப்போ அந்த ரூம்ல நீங்க ஒருத்தர்தான் இருந்திருக்கீங்க. பெட்டியை வெச்சது நீங்கன்னு நான் சொன்னா?" என்று கேட்டார். நான் வைக்கவில்லை என்று கூறினேன். "பாத்தவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார். இல்லை என்று கூறினேன். காணொளியைப் பற்றி உடனே கூறவில்லை. அதை யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை; யாரும் பார்ப்பதையும் நான் விரும்பவில்லை. பிறகு கைபேசியை எடுத்துக் கொடுத்தேன்.

அதிகாரி அதை முதலிலிருந்து பார்த்தார். காலி நாற்காலிகளும், திரையும், நானும் அதில் தெரிகிறோம். உரையின் தலைப்பு, அலுவலக வலையில் அந்நியக் கருவியைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது. முப்பதாவது நிமிடத்தில் "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று நான் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் காத்திருப்பதும், பிறகு "நல்ல கேள்வி" என்று கூறி நானே பதில் சொல்வதும் அதில் உள்ளது. அந்த இடத்தில் அதிகாரி நிறுத்தி, "யார்கிட்ட சார் பேசுறீங்க?" என்று கேட்டார். பிறகு அவரே மீண்டும் ஓடவிட்டார். பதிவை நிறுத்த மறந்திருந்ததால், கடைசியில் நான் பேனா மாற்றிக் கையெழுத்துப் போடுவதும் பதிவாகியுள்ளது. அதன் பிறகு அதிகாரி முதல் நிமிடத்துக்குத் திரும்பிச் சென்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நான் திரைப் பக்கம் போவதற்கு முன்பே அதன் அடியில், சுவரோரம், ஒரு பச்சை விளக்கு மினுங்குகிறது. நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே பெட்டி அங்கே இருந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதற்கு இரண்டடி தள்ளி நின்று பேசியும் நான் அதைக் கவனிக்கவில்லை. அதை வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது.

பத்தரை மணிக்கு விசாரணை சற்று நிறுத்தப்பட்டது. நான் நடைபாதை பெஞ்சில் இருந்தபோது பான் வெய்-தேயை விடுவித்து அழைத்து வந்தார்கள். அவர் காவலில் கழற்றி வாங்கிய கயிற்றைக் காலணியில் மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "எங்கப்பா நேத்துலேருந்து பக்கத்து வீட்டுக்காரங்க கையாலதான் சாப்பிடுறாரு. அவருக்கு மத்தவங்க ஊட்டினா இறங்காது, தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். தவறு என்னுடையது என்றும் கூறினேன். அவர் இரண்டாவது காலணியையும் கட்டி முடித்தார்.

"கள்ளக் கையெழுத்துப் போட நான் ஞாபகம் வந்தேன். ஒரு போன் போட்டு, வாடா, ஆள் இல்லடான்னு கூப்பிட ஞாபகம் வரல, இல்ல?"

குழுவில் செய்தி அனுப்பியிருந்தேன் என்று கூறினேன். "குழுவுல அனுப்பினா அது ஊருக்குச் சொன்னது தலைவரே, எனக்குச் சொன்னது இல்ல" என்று கூறிவிட்டு அவர் வெளியே சென்றார். நான் உள்ளே அழைக்கப்பட்டேன்.

பொய்க் கையெழுத்து இட்டதற்கும், தொலைபேசியில் பொய் கூறியதற்கும் என் மீது வழக்கு வரலாம் என்று எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. புரிந்துகொண்டேன். வழக்கறிஞர் வேண்டாம் என்றேன். வீட்டில் யாருக்காவது தகவல் தெரிவிக்க வேண்டுமா என்று கேட்கப்பட்டது. தேவையில்லை என்றேன். கிளையைக் கலைத்துவிடும்படி தலைமையிடத்துக்கு இந்நிலையத்திலிருந்தே கடிதம் அனுப்பிவிட்டேன்.

பதிவேட்டைத் திருத்தி எழுதுவதற்காக, மார்ச் 16-ஆம் தேதிக் கூட்டத்துக்கு உண்மையில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று இறுதியாகக் கேட்கப்பட்டது.

ஒருவர் என்று கூறினேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. யாருடைய வற்புறுத்தலும் இன்றி உண்மையை மட்டும் கூறி, ஒப்பமும் வலக்கைப் பெருவிரல் ரேகையும் இடுகிறேன்.

(ஒப்பம்) தூ யோங்-சுவான்
23.05.2024, முற்பகல் 11.40