கீழ்வீட்டுக்குக் கேக்காத கிடார்

இல்ல தம்பி, அந்தச் சத்தம் எங்க வீட்டுலேருந்து வர்றதே இல்ல! வாய்ப்பே இல்ல. உள்ள வாங்க, வாசல்ல நின்னு பேசினா எதிர்வீட்டு டீச்சர் கதவுக்குப் பின்னாடி வந்து நின்னுக்குவாங்க. வாங்க வாங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல துணி கெடக்கு. இதுல உக்காருங்க. நீங்கதான கீழ்வீட்டுக்குப் புதுசா வந்தவரு? ரொட்டி ஃபேக்டரியில ராத்திரி ஷிப்டு, பகல்ல தூக்கம்... எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? வாட்ச்மேன் சொன்னாரு. நான் கேக்கல, அவராத்தான் சொன்னாரு. சரி, கொஞ்சமாக் கேட்டேன்.

அய்யோ பாவம், கண்ணு ரெண்டும் மொளகாப்பழம் மாதிரி செவந்து கெடக்கே! டொம்... டொம்... டொம்னு மேலேருந்து இடிக்குது, தூங்க முடியல, அதான? சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க. நான் காது குடுத்துக் கேப்பேன். எனக்குப் பொழப்பே அதுதான. வாஷிங் மெஷின் கம்பெனியில போன்ல புகார் எடுக்குறவ நான். "சொல்லுங்க சார், உங்க பிரச்சனை என்ன சார்"னு நாள் பூரா கேட்டுக் கேட்டு... ஒருத்தர் பேசுறப்ப குறுக்கப் பேசவே மாட்டேன், பழக்கம் அப்படி. ஆங், சொல்லுங்க.

இருங்க, நான் ஒரே ஒரு விஷயம் சொல்லிடுறேன். அப்புறம் நீங்க சொல்லுங்க.

நீங்க சந்தேகப்படுறது அதோ அந்த மூலையில சுவத்துல சாஞ்சு நிக்குதே, அதத்தான? பாத்தா கிடார் மாதிரிதான் இருக்கும். ஆனா கம்பி நாலுதான். ஒவ்வொண்ணும் எவ்ளோ தடிமன் பாருங்க, துணி காயப்போடலாம். பேஸ் கிடாருன்னு பேரு. அதுலயும் கரண்டு இல்லாத ஜாதி, அக்குஸ்டிக்கு. பெட்டியோட வயித்துலேருந்து வர்ற சத்தம் மட்டுந்தான். அதுவும் எவ்ளோ சத்தம்ங்குறீங்க? கொசு கொஞ்சம் கோவமா இருந்தா அதோட சத்தம் மேல கேக்கும். பக்கத்து வீட்டுக்கே கேக்காது, உங்க வீட்டுக்கு எப்படி வரும்? கேக்கக் கூடாதுன்னே தேடித் தேடி வாங்கினது தம்பி அது! ஊர்ல எல்லாரும் சத்தமா கேக்குற வாத்தியத்தத் தேடுவாங்க, நான் ஒருத்திதான் கேக்காத வாத்தியத்தத் தேடினவ.

காபி போடட்டுமா? அட, நீங்க தூங்கணும்ல. பால் தரட்டுமா? வேணாமா? சரி.

எங்க வீட்டுக்காரரு இருக்காரே... பாத்திருப்பீங்க, உயரமா, மாடிப்படியில ஓரமா ஒதுங்கி வழி விடுவாரு. அவரு டிரைவிங் ஸ்கூல்ல ஓட்டக் கத்துக்குடுத்தவரு. பக்கத்துல உக்காந்துக்கிட்டு "பிரேக்கு! பிரேக்கு! அது ஆக்சிலேட்டரும்மா!"ன்னு அவரு கத்துனா நாலு தெரு தாண்டி நிக்கிறவன் பிரேக் புடிப்பான். கத்தாத நேரத்துல பாட்டு. குளிக்கையில பாட்டு, ஷூவுக்குப் பாலீஷ் போடுறப்ப பாட்டு, க்ளட்சு எப்ப விடணும்ங்குறதயே தாளம் போட்டுத்தான் சொல்லிக்குடுப்பாரு. சாயங்காலம் வந்தா கிடாரத் தூக்கி வச்சுக்கிட்டு... இது இல்ல, சாதா கிடாரு, ஆறு கம்பி. நான் அப்பல்லாம் "கொஞ்சம் நிறுத்துறீங்களா, நானும் ரெண்டு வார்த்த பேசிக்கிறேனே"ன்னு கெஞ்சியிருக்கேன். நீங்க நம்ப மாட்டீங்க, இந்த வீட்டுல எனக்குப் பேசவே இடம் கெடைக்காது.

போன வருஷம் தொண்டையில ஒரு கட்டி. பயப்படுற மாதிரி கட்டி இல்லன்னு டாக்டர் சொன்னாரு. எடுத்துட்டாங்க. நல்லாத்தான் இருக்காரு. ஆனா குரல் முழுசா திரும்பல. பாதிதான் வந்துச்சு. பாதி கூட இல்ல... கதவு இடுக்குல காத்து வர்ற மாதிரி. இதுக்கு மேல வராதுன்னும் சொல்லிட்டாங்க. மெதுவாப் பேசலாம், மெதுவாப் பாடலாம், கஷ்டப்படுத்தக் கூடாது. டிரைவிங் ஸ்கூல்ல நல்லவங்க, வண்டி ரிப்பேர் பாக்குற பக்கம் மாத்திக் குடுத்தாங்க. நட்டு போல்ட்டுக்குக் குரல் வேணாம்ல.

வீட்டுக்கு வந்து ஒரு நாள் கிடார எடுத்தாரு. ஒரு தட்டுத் தட்டிப் பாட ஆரம்பிச்சாரு. வாய் அசையுது தம்பி, எனக்குக் கேக்கல. கிடார் சத்தம் அவரு குரலுக்கு மேல ஏறி உக்காந்துருச்சு. மெதுவாத் தட்டிப் பாத்தாரு, ஊஹூம். அப்படியே உறைய மாட்டி பீரோ மேல வச்சுட்டாரு. அதுக்கப்புறம் இந்த வீட்டுல நான் ஒருத்திதான் பேசிக்கிட்டிருக்கேன். எல்லாருக்கும் நான் வாயாடின்னு நெனப்பு. யாராவது பேசணும்ல? ரெண்டு பேரும் சும்மா இருந்தா வீடு எப்படி இருக்கும்?

அப்பத்தான் ஒரு நாள்... சிரிக்காதீங்க... ஃபிரிட்ஜு. எங்க ஃபிரிட்ஜ் பழசு, மோட்டார் ஓட ஆரம்பிச்சா "ம்ம்ம்ம்"னு அடித்தொண்டையில ஒரு சத்தம். இவரு சமையக்கட்டுல தட்டு கழுவிக்கிட்டிருக்காரு, ஃபிரிட்ஜ் ஆரம்பிச்சுது, இவரும் அதோட சேந்து முணுமுணுன்னு பாடுறாரு! அவருக்கே தெரியாம! ஃபிரிட்ஜ் நின்னுச்சு, இவரும் நிறுத்திட்டாரு. நான் துணி மடிச்சிக்கிட்டிருந்தவ அப்படியே நின்னுட்டேன். அன்னிலேருந்து ஃபிரிட்ஜு கதவத் தொறந்து தொறந்து வைப்பேன், மோட்டார் ஓடட்டும்னு. பாலெல்லாம் கெட்டுப்போச்சு.

ஆக எனக்கு வேண்டியது ஃபிரிட்ஜு மாதிரி ஒரு வாத்தியம். அடியில இருக்கணும், அவரு குரல் மேல மெதக்கணும். எங்க அண்ணன் மேடைக் கச்சேரியில கீபோர்டு வாசிக்குறவரு, அவருகிட்ட கேட்டேன். அவரு உடனே, "பேஸ் கிடார் வாங்கு, கரண்டு கிடாரா வாங்கு, இவ்ளோ பெரிய ஸ்பீக்கர் பெட்டி வாங்கு"ன்னு கையை விரிச்சுக் காட்டுறாரு. கச்சேரிக்கா போறோம்? வீட்டுல சும்மா வாசிக்கண்ணே, அக்குஸ்டிக்ல பேஸ் இருக்காமேன்னேன். "அதையா? பத்து பேர் கூடி உக்காந்தா அது கேக்கவே கேக்காது. காசு குடுத்து ஊமைய வாங்கப் போறியா?"ன்னாரு. எங்க வீட்டுக்காரரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. அண்ணன் மூஞ்சி செத்துப்போச்சு. வேணும்னு சொல்லல, பாவம், வாயில வந்துருச்சு. நான், "பத்து பேருக்கு எதுக்குண்ணே கேக்கணும், வீட்டுல இருக்குறது ரெண்டு பேரு"ன்னு சொல்லிட்டுத் தண்ணி கொண்டாறப் போயிட்டேன்.

கடைக்கு இவரயும் இழுத்துக்கிட்டுப் போனேன். பேட்டரி வாங்கணும்னு பொய் சொல்லி. கடைக்காரரு முதல்ல எடுத்துக் குடுத்தாரு ஒண்ணு... அம்மாடி! பீரோவக் கட்டிப் புடிச்ச மாதிரி. வயிறு பெருசா இருந்தாத்தான் சத்தம் வரும்னாரு. என் கை அதச் சுத்தி வரவே இல்ல, தோள்பட்ட காதுகிட்ட ஏறிடுச்சு. கழுத்து வேற நீளம், அதுல குறுக்க கோடு கோடாப் பதிச்சிருக்குற கட்டையில கோடியில இருக்குறதப் புடிக்கணும்னா பஸ்ல மேல் கம்பியப் புடிக்கிற மாதிரி எக்கணும். வேணாம். அடுத்தது குட்டியா ஒண்ணு, ரப்பர் மாதிரி கம்பி. அழகாத்தான் இருந்துச்சு, ஆனா தொட்டா கொழகொழன்னு ஆடுது, சுருதி எங்க நிக்குதுன்னே தெரியல. இன்னொண்ணுல கழுத்துல கட்டையே இல்ல, மொழுக்குன்னு... கோடு போடாத ரோடு மாதிரி. கத்துக்குட்டி நான், எங்க போய் முட்டுவேனோ! அதுவும் வேணாம்.

நாலாவதா எடுத்ததுதான் இது. வயிறு நடுத்தரம், கழுத்து குட்டை, மடியில வச்சா வச்ச எடத்துல நிக்கும். மொதல்ல இருந்த கம்பி விரலு நகர்றப்பல்லாம் கீச்சு கீச்சுன்னுச்சு. வழவழன்னு வேற கம்பி இருக்கான்னு கேட்டேன், மாத்திக் குடுத்தாரு. பின்னாடி ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, ஸ்பீக்கர்ல மாட்டிக்கலாமாம். நான் அதத் தொட்டதே இல்ல.

"பாடுங்க, பாத்துத்தான் வாங்கணும்"னு இவருகிட்ட சொன்னேன் பாருங்க, அங்கதான் தப்புப் பண்ணிட்டேன். கடை நெறைய ஆளு. ஒருத்தன் டிரம்மு தட்டிக்கிட்டிருக்கான். இவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. தலையை ஆட்டிட்டு விறுவிறுன்னு வெளிய போய்ட்டாரு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், முதுகக் காட்டிக்கிட்டு, ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. எதுக்கு இந்த வேலை, அவரு பாட்டுக்கு இருந்திருப்பாரே, நாலு பேரு முன்னாடி அசிங்கப்படுத்திட்டோமேன்னு.

ஆனா மடியில இது இருக்கு. வாசிக்கத் தெரியாது. சும்மா அந்தத் தடிக் கம்பிய இழுத்து விட்டேன். தும்ம்ம்ம். டிரம்முக்காரப் பையனப் பாத்தேன், அவனுக்கு என்ன புரிஞ்சுதோ, குச்சியக் கீழ வச்சுட்டான். தும்ம்ம்ம். தும்ம்ம்ம். கடைக்காரரு வந்து கதவக் கொஞ்சம் தொறந்து வச்சாரு, புழுக்கமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே. நான் நிறுத்தல. கொஞ்ச நேரத்துல வாசப்பக்கத்துலேருந்து மெல்லிசா... வருது தம்பி. அவரு குரல். கதவு இடுக்குல வர்ற காத்து மாதிரின்னு சொன்னேன்ல, அதான். ஆனா சுத்தமா, நிக்க வேண்டிய எடத்துல நின்னு வருது. நான் திரும்பிப் பாக்கல. பாத்தா நிறுத்திடுவாருன்னு தெரியும். சுவத்துல தொங்குற வயலினையே மொறச்சுப் பாத்துக்கிட்டு இழுத்துக்கிட்டே இருந்தேன். விரல் கொப்புளிச்சுப் போச்சு.

அப்படி வாங்கினது தம்பி இது! இதப் போயி டொம் டொம்னு இடிக்குதுன்னா? எனக்கு வாரத்துக்கு நடுவுலதான் லீவு, அவரும் மத்தியானம் சாப்பிட வருவாரு, இப்பக்கூட உள்ள சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. சாப்பிட்டுட்டு சமையக்கட்டு ஜன்னலோரமா உக்காந்து பாடுவாரு, நான் இங்கேருந்து வாசிப்பேன். அவ்ளோதான். டொம் டொம்முங்குறது மேல்வீட்டு ஜிம்காரன். இரும்பத் தூக்கித் தூக்கிக் கீழ போடுறான். எனக்கே கேக்குது, நான் வாசிக்கிற நேரமாப் பாத்து! படியேறிப் போய் நல்லாக் கேட்டு விட்டேன். பாவம், ரூம் பூரா ரப்பர் பாய் வாங்கிப் போட்டுட்டான். அப்படியும் கேக்குது.

நம்பலையா? இருங்க, வாசிச்சுக் காட்டுறேன். நீங்களே சொல்லுங்க, இது கீழ வருமான்னு. இந்த ஸ்டூல்ல உக்காந்துதான் வாசிப்பேன். ம். கேளுங்க.

தும்ம்... தும்ம்... தும்ம்... பாருங்க, நம்ம பேச்சுக்குக் கூட அடங்கித்தான் கேக்குது. தும்ம்... என்ன, கிடாரப் பாக்காமக் கீழ பாக்குறீங்க? தரை என்ன, நேத்துத்தான் தொடச்சேன். காலா? தாளம் போடுறேன், பின்ன? தாளம் இல்லாம எப்படி...

கால்.

இருங்க. காலத் தூக்கிக்கிறேன். தும்ம்... தும்ம்... இப்ப? இப்பக் காலோட... டொம்... டொம்...

அட கடவுளே. குதிகால் வலிக்குன்னு டாக்டர் சொல்லி வாங்கின செருப்பு தம்பி இது. அடியில கட்டை மாதிரி இருக்கும். இதுக்கு நேர் கீழ உங்க கட்டிலா? தலைமாடா?! அய்யய்யோ. நான் ஆபீஸ்ல ஒரு நாளைக்கு எத்தன பேருகிட்ட சொல்றேன், "மெஷின் இடிக்குதுன்னா மொதல்ல அதோட காலப் பாருங்க சார், கால் சரியா ஒக்காந்திருக்கான்னு பாருங்க சார்"னு! என் காலப் பாக்கணும்னு தோணுச்சா எனக்கு? அந்த ஜிம்காரன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? தடியா, மாடான்னெல்லாம் சொல்லிட்டேனே. ரப்பர் பாய்க்குப் பதிலா அவனுக்கு என்ன பண்ணிக் குடுக்க... சரி, அத நான் பாத்துக்கிறேன். இதோ செருப்பக் கழட்டியாச்சு. காலுக்குத் தலகாணி வச்சுக்கிறேன். ரெண்டு தலகாணி. ஸ்டூலயும் அந்தப் பக்கம் தள்ளிடுறேன், அதுக்குக் கீழ உங்க பாத்ரூம்தான? இனிமே நிம்மதியாத் தூங்குங்க. மன்னிச்சுக்குங்க தம்பி. எழுந்துட்டீங்களா? போயிட்டு... என்ன? சொல்லுங்க. வந்ததுலேருந்து நீங்க ஒரு வார்த்த பேசல, நான் விட்டாத்தான.

என்னது?

பாட்டா?

எங்க கேக்குது? உங்க சமையக்கட்டு ஜன்னல்லயா? மேலேருந்தா? ரேடியோவா இருக்கும் தம்பி, எதிர்வீட்டு டீச்சர் வீட்டுல... ரேடியோ இல்லையா. ஆம்பளக் குரலு. மெதுவா. மத்தியானத்துல.

டொம் டொம்ம மட்டும் நிறுத்தச் சொல்லத்தான் வந்தீங்களா? பாட்ட நிறுத்த வேணாம்னு... அதக் கேட்டுக்கிட்டே தூங்கிடுவீங்களா?

ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் தம்பி, போயிடாதீங்க. உக்காருங்க. அவரு உள்ளதான் இருக்காரு, கை கழுவிக்கிட்டிருக்காரு. ஏங்க! ஏங்க, அப்படியே ஈரக்கையோட வாங்க, பரவால்ல! கீழ்வீட்டுத் தம்பி வந்திருக்காரு.

தம்பி, இப்பச் சொன்னீங்கள்ல, அத இன்னொரு தடவ சொல்லுங்க. அவருகிட்ட சொல்லுங்க. நான் வாயே தொறக்கல.